ஏற்றுமதி முன்னமைவைப் பிறருக்குக் கொடுக்கும்போது கோப்பில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது?

கேள்வி இதுதான்: கட்டற்ற வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்றில் பொறுமையாகப் பரிசோதித்து உருவாக்கிய ஏற்றுமதி முன்னமைவை (முடிந்த படத்தைக் கோப்பாக வெளியிடுவதற்கான அமைப்புகளின் தொகுப்பு, பிரீசெட்), அதே மென்பொருளையோ வேறொன்றையோ பயன்படுத்தும் மற்றவர்களுக்கு ஒரு கோப்பாகக் கொடுக்க முடியுமா, கொடுத்தால் அவர்களுடைய கணினியிலும் அதே விளைவு கிடைக்குமா?

முதல் பாதிக்கு விடை எளிது. முடியும். ஷாட்கட், கேடென்லைவ், ஓப்பன்ஷாட், பிளெண்டர், பிட்டிவி ஆகிய அனைத்துமே முன்னமைவுகளை யாரும் திறந்து படிக்கக்கூடிய உரைக் கோப்புகளாகவே வைத்திருக்கின்றன. இரண்டாம் பாதிக்கு விடை, அந்தக் கோப்பில் எதை வைத்தீர்கள், எதை விட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. பகிரப்பட்ட முன்னமைவு ஒன்று இன்னொரு கணினியில் தவறினால், பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒன்றே: உருவாக்கியவருடைய படத்துக்கும் கணினிக்கும் மட்டும் உரிய அமைப்புகள், எல்லோருக்கும் பொருந்தும் அமைப்புகளோடு பிரிக்கப்படாமல் சேர்ந்தே போய்விட்டன. ஆகவே இந்தப் பதிலில், கோப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, அந்தப் பிரிப்பை எப்படிச் செய்வது என்பதில்தான் அதிகம் நிற்கப் போகிறேன்.

இந்த மென்பொருள்களின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஷாட்கட், கேடென்லைவ், ஃப்ளோபிளேடு ஆகிய மூன்றும் எம்எல்டி என்ற ஒரே கட்டமைப்பின் மேல் எழுதப்பட்டவை. எம்எல்டி, ஏற்றுமதிப் பணியை, படத்தையும் ஒலியையும் சுருக்கிக் கோப்பாக எழுதும் எஃப்எஃப்எம்பெக் நூலகங்களிடம் ஒப்படைக்கிறது. ஓப்பன்ஷாட் தனக்கென எழுதப்பட்ட லிப்ஓப்பன்ஷாட் என்ற நூலகத்தைப் பயன்படுத்தினாலும், அதுவும் இறுதியில் எஃப்எஃப்எம்பெக்கிடமே போகிறது. பிளெண்டரின் வீடியோ ஏற்றுமதியும் அப்படியே. பிட்டிவி மட்டும் ஜிஸ்ட்ரீமர் என்ற வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. இதனால் முகப்பில் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும், பெரும்பாலான மென்பொருள்களின் முன்னமைவு என்பது எஃப்எஃப்எம்பெக்குக்குப் போகும் சில பெயர்–மதிப்பு இணைகளின் பட்டியல்தான்.

ஷாட்கட்டில் இது மிகத் தெளிவாகத் தெரியும். நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு ஏற்றுமதி முன்னமைவும் ஒரு தனி உரைக் கோப்பு; வரிக்கு ஒரு பண்பு, நடுவில் சமக்குறி. செட்டிங்ஸ் பட்டியலில் உள்ள ஆப் டேட்டா டைரக்டரி என்ற பகுதியின் வழியாக அந்தக் கோப்புறையைத் திறந்தால், பிரீசெட்ஸ், கன்ஸ்யூமர், ஏவிஃபார்மேட் என்று ஒன்றுக்குள் ஒன்றாக உள்ள கோப்புறைகளின் அடியில் அவை கிடக்கும். ஒரு கோப்பை நகலெடுத்து இன்னொருவர் அதே இடத்தில் வைத்தால், அடுத்த முறை நிரலைத் திறக்கும்போது அது பட்டியலில் தோன்றும். இந்தக் கோப்புகளில் எம்எல்டி தரும் இரண்டு பயனுள்ள வரிகள் உண்டு: மெட்டா.பிரீசெட் என்று தொடங்கும் பெயர்களில், கோப்பின் நீட்டிப்பு என்ன என்பதையும், முன்னமைவைப் பற்றிய குறிப்பு ஒன்றையும் எழுதி வைக்கலாம். கட்டக்குறியில் (#) தொடங்கும் வரிகள் கருத்துரையாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படும். கையால் எழுதிப் பகிரும் கோப்பில் இந்த இரு வசதிகளையும் தவறாமல் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

கேடென்லைவ் வேறு வழியைத் தேர்ந்திருக்கிறது. பயனர் உருவாக்கும் முன்னமைவுகள் எல்லாம் அதன் தரவுக் கோப்புறைக்குள் உள்ள எக்ஸ்போர்ட் என்ற உட்கோப்புறையில், கஸ்டம்புரொஃபைல்ஸ் என்ற ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் சேர்கின்றன. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அந்தக் கோப்பை அப்படியே அனுப்பினால், பெறுபவர் அதைத் தன் கோப்பின் மேல் வைக்கும்போது அவர் இதுவரை சேமித்திருந்த அனைத்தும் அழிந்துவிடும். அதே கோப்புறையில் வேறு பெயருள்ள எக்ஸ்எம்எல் கோப்புகள் இருந்தாலும் கேடென்லைவ் அவற்றைப் படிக்கும் என்பதால், பகிர விரும்பும் முன்னமைவை மட்டும் வெட்டி எடுத்து, தனிப் பெயரில் ஒரு சிறு கோப்பாகக் கொடுப்பதே சரியான முறை. லினக்ஸில் ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு முறை வழியாக நிறுவியவர்களுக்கு இந்தத் தரவுக் கோப்புறை இல்லக் கோப்புறையில் வழக்கமான இடத்தில் இல்லாமல், அந்த ஃபிளாட்பேக்குக்கு ஒதுக்கப்பட்ட தனிக் கோப்புறைக்குள் இருக்கும். ‘கோப்பை வைத்தேன், பட்டியலில் வரவில்லை’ என்ற முறையீடு எழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கேடென்லைவுக்குள்ளேயே, மற்றவர்கள் பதிவேற்றியவற்றைக் கேடிஇ திட்டத்தின் இணையக் கிடங்கிலிருந்து இறக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. கட்டற்ற எடிட்டர்களில் முன்னமைவைப் பகிர்வதற்கென்று நிரலுக்குள்ளேயே ஒரு வழி அமைத்திருப்பது பாராட்டத்தக்கது. மற்ற திட்டங்களும் பின்பற்ற வேண்டியது.

கேடென்லைவின் எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு முன்னமைவின் உயிர் ‘ஆர்க்ஸ்’ என்ற ஒரே பண்புக்குள் இருக்கிறது. ஷாட்கட் கோப்பில் வரிவரியாக இருக்கும் அதே இணைகள், இங்கே இடைவெளியால் பிரிக்கப்பட்டு ஒரே வரியில் நிற்கின்றன. ஆகவே இந்த இரண்டுக்கும் இடையே மாற்றுவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை: வரி முறிவுகளை இடைவெளிகளாக்கினால் பெரும்பகுதி முடிந்துவிடும். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். ஷாட்கட் கோப்பில் தர எண் நேரடியாக எழுதப்பட்டிருக்கும். கேடென்லைவில் அந்த இடத்தில் விழுக்காட்டுக் குறியோடு ‘குவாலிட்டி’ என்ற இடங்காட்டியை வைத்து, தரத்தின் கீழெல்லை, மேலெல்லை, இயல்பு மதிப்பு ஆகியவற்றை ஆர்க்ஸுக்கு வெளியே உள்ள பண்புகளில் எழுதலாம். அப்படி எழுதினால், பெறுபவருக்கு ஏற்றுமதிச் சாளரத்தில் ஒரு நகர்த்தி கிடைக்கும். பகிர்வதற்கு இதுவே சிறந்த வடிவம். தரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்கிறீர்கள், எங்கே முடிய வேண்டும் என்பதை அவர் தன் படத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்.

ஓப்பன்ஷாட்டின் முன்னமைவும் எக்ஸ்எம்எல்தான். இல்லக் கோப்புறையில் ஓப்பன்ஷாட்டுக்கென மறைவாக இருக்கும் கோப்புறைக்குள், பிரீசெட்ஸ் என்ற இடத்தில் வைக்கலாம். அதில் வீடியோ வடிவம், கோடெக் (படத்தையோ ஒலியையோ சுருக்கும் முறை), ஒலி அலைவரிசைகள், மாதிரி வீதம் போன்றவற்றோடு, நொடிக்கு எவ்வளவு தரவு என்பதைச் சொல்லும் பிட்ரேட்டைக் குறைவு, நடுத்தரம், உயர்வு என்று மூன்று நிலைகளாகக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, எந்தத் திட்ட வடிவங்களுக்கு இந்த முன்னமைவு பொருந்தும் என்பதையும் அதே கோப்பில் பெயர் சொல்லிக் குறிக்கலாம். முன்னமைவை எழுதுபவரைப் பொருத்தம் பற்றிச் சிந்திக்க வைக்கும் நல்ல ஏற்பாடு இது.

பிளெண்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். அதன் ஏற்றுமதி முன்னமைவு ஒரு சிறிய பைத்தான் நிரல். அதைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த நிரல் இயங்கி, காட்சியின் அமைப்புகளை மாற்றுகிறது. இயங்கும் நிரல் என்பதால் அது அமைப்புகளை மட்டும்தான் மாற்றும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கோப்புகளை அழிக்கும் வரியும் அதில் இருக்க முடியும். ஆகவே அறியாதவரிடமிருந்து வரும் பிளெண்டர் முன்னமைவை முதலில் உரைத் தொகுப்பியில் திறந்து பாருங்கள். நேர்மையான முன்னமைவில், பிளெண்டரின் சொந்த பிபிஒய் (bpy) தொகுதியை இறக்குமதி செய்யும் வரியையும், காட்சியின் அமைப்புக்கு மதிப்பு கொடுக்கும் சில வரிகளையும் தவிர பெரிதாக வேறொன்றும் இராது. வேறு எதையேனும் இறக்குமதி செய்யும் வரி ஒன்று இருந்தாலே அதை ஒதுக்கிவிடலாம். எக்ஸ்எம்எல், ஜேசன், பண்புக் கோப்பு ஆகியவற்றில் இந்த ஆபத்து இல்லை. அவை வெறும் தரவுகள். இந்த ஒரு காரணத்துக்காகவே, பகிர்வதற்கான முன்னமைவு தரவாகத்தான் இருக்க வேண்டும், நிரலாக இருக்கக் கூடாது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

இனி பிரிப்புக்கு வருவோம். ஏற்றுமதிச் சாளரத்தில் காணும் அமைப்புகள் மூன்று வகைப்படும். வெளிவரும் கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற நோக்கத்தைச் சொல்பவை முதல் வகை: கொள்கலன் (படமும் ஒலியும் சேர்ந்திருக்கும் எம்பி4 போன்ற கோப்பு வடிவம்), கோடெக், தரம், நிறக் குறிப்புகள், ஒலி வடிவம். குறிப்பிட்ட படத்தின் தன்மையைச் சொல்பவை இரண்டாம் வகை: அகலம், உயரம், ஃபிரேம் வீதம், பிக்சல் விகிதம். ஏற்றுமதி செய்யும் கணினியைச் சார்ந்தவை மூன்றாம் வகை: வன்பொருள் என்கோடர் (சுருக்கி எழுதும் வேலையைச் செய்யும் சில்லு), ஒரே நேரத்தில் இயங்கும் இழைகளின் எண்ணிக்கை, தற்காலிகக் கோப்புகளின் பாதை. பகிரும் கோப்பில் முதல் வகை மட்டுமே போக வேண்டும்.

இரண்டாம் வகை உள்ளே நுழைந்தால் வரும் கேடு கண்ணுக்கு உடனே தெரிவதில்லை என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1920க்கு 1080 என்றும் நொடிக்கு 30 ஃபிரேம் என்றும் எழுதப்பட்ட முன்னமைவை, நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு ஒருவர் பயன்படுத்துகிறார் என்று வையுங்கள். ஏற்றுமதி எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு நொடியிலும் ஐந்து ஃபிரேம்கள் இரட்டிக்கப்பட்டு, கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் சிறு திக்கல் தெரியும். 1080க்கு 1920 என்ற நெட்டைப் படத்துக்குப் பயன்படுத்தினால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். ஷாட்கட்டில் புதிய முன்னமைவைச் சேமிக்கும்போது, அதில் அடங்கப் போகும் பண்புகள் திருத்தக்கூடிய பட்டியலாக ஒரு சாளரத்தில் காட்டப்படும். அகலம், உயரம், ஃபிரேம் வீதம், விகிதம் ஆகியவற்றுக்கான வரிகள் அதில் இருந்தால் அங்கேயே நீக்கிவிடுங்கள். நீக்கினால், பெறுபவருடைய திட்டத்தின் வடிவத்தையே ஏற்றுமதி பின்பற்றும். எம்எல்டியில் படத்தின் வடிவத்துக்கெனத் தனியாகப் புரொஃபைல் கோப்புகள் உண்டு. ஃபிரேம் வீதமும் அகல உயரமும் நிறவெளியும் அங்கே எழுதப்படுகின்றன. இவ்விரண்டையும் தனித்தனிக் கோப்புகளாகவே வைத்திருக்க வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் கருதியதில் நல்ல காரணம் இருக்கிறது.

இதே வகையில் மறைந்து நிற்கும் இன்னொன்று, மற்ற ஃபிரேம்களைச் சாராமல் முழுமையாகச் சேமிக்கப்படும் கீஃபிரேம்களுக்கு இடையேயான இடைவெளி. எஃப்எஃப்எம்பெக்கில் இது நொடிகளில் கொடுக்கப்படுவதில்லை. ஃபிரேம்களின் எண்ணிக்கையில் கொடுக்கப்படுகிறது. 60 என்று எழுதினால், நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள படத்தில் அது இரண்டு நொடி. 24 ஃபிரேம் படத்தில் இரண்டரை நொடி. 60 ஃபிரேம் படத்தில் ஒரே நொடி. யூடியூப் தன் பதிவேற்றப் பரிந்துரையில் கீஃபிரேம் இடைவெளி ஃபிரேம் வீதத்தில் பாதியாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எந்த ஒரு நிலையான எண்ணும் எல்லா ஃபிரேம் வீதங்களுக்கும் அந்தப் பரிந்துரையை நிறைவேற்றாது. பிட்ரேட்டும் அப்படித்தான்: 1080 வரிப் படத்துக்கு, வழக்கமான நிற வரம்பில், 24 முதல் 30 ஃபிரேம் வரை 8 மெகாபிட் என்றும், 48 முதல் 60 வரை 12 மெகாபிட் என்றும் அதே பரிந்துரை வேறுபடுத்துகிறது. ஆகவே இவற்றைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற நிலையில், ஒரே முன்னமைவை எல்லாவற்றுக்கும் நீட்டாமல், ஃபிரேம் வீதத்தைப் பெயரிலேயே சொல்லும் இரண்டு மூன்று முன்னமைவுகளாகப் பிரித்துக் கொடுங்கள். வெறும் கோப்பாகப் பார்ப்பதற்கான படமாக இருந்தால், கீஃபிரேம் இடைவெளியை எழுதாமல் என்கோடரின் இயல்புக்கே விட்டுவிடலாம்.

மூன்றாம் வகையின் கேடு வெளிப்படையானது. ஏற்றுமதி தொடங்கவே தொடங்காது. என்விடியா அட்டை உள்ள கணினியில் உருவாக்கிய முன்னமைவில் என்வென்க் என்கோடரின் பெயர் இருக்கும். இன்டெல் கணினியில் குவிக் சிங்க், லினக்ஸில் பொதுவாக விஏஏபிஐ, ஆப்பிள் கணினியில் வீடியோடூல்பாக்ஸ். ஒன்றின் பெயர் மற்றொன்றில் செல்லாது. தரத்தைக் குறிக்கும் அளவுருவின் பெயரும் ஒவ்வொன்றிலும் வேறு என்பதால், என்கோடரின் பெயரை மட்டும் மாற்றி ஒட்டவைப்பதும் சரிவராது. அதனால் பகிர்வதற்கான முன்னமைவை, எச்.264 கோடெக்கில் எழுதும் எக்ஸ்264 போன்ற மென்பொருள் என்கோடருக்கே எழுதுங்கள். வன்பொருளைப் பயன்படுத்துவதா என்பதைப் பெறுபவர் தன் கணினியில் முடிவு செய்யட்டும். ஷாட்கட்டில் அதற்கென்றே ஏற்றுமதிச் சாளரத்தில் தனித் தேர்வு இருக்கிறது. இழைகளின் எண்ணிக்கையும் இப்படியே. எம்எல்டியில் ரியல்டைம் என்ற பண்புக்கு எதிர்மறை எண் கொடுத்தால், ஃபிரேம்களைக் கைவிடாமல் அத்தனை இழைகளில் படங்களைத் தயாரிக்கும். பதினாறு கருக்கள் கொண்ட கணினிக்குப் பொருத்தமான எண், நான்கு கருக்கள் கொண்ட மடிக்கணினிக்குப் பொருந்தாது. படத்தை இருமுறை அலசி எழுதும் ஏற்றுமதியின் பதிவுக் கோப்புக்கான பாதையோ வெளியீட்டுக் கோப்பின் பெயரோ உள்ளே இருந்தால் அவற்றையும் நீக்கிவிட வேண்டும். அவற்றில் உங்கள் பயனர்பெயரும் சேர்ந்தே ஊர்போகும்.

வன்பொருளைப் போலவே, எஃப்எஃப்எம்பெக் எப்படித் தொகுக்கப்பட்டது என்பதும் கணினியைச் சார்ந்ததுதான். ஏஏசி என்ற ஒலிக் கோடெக்குக்கான ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தின் நூலகத்தைச் சேர்த்துத் தொகுக்கப்பட்ட எஃப்எஃப்எம்பெக்கை, ஜிபிஎல் உரிமத்தோடு உள்ள முரண்பாட்டால் பொதுவாக மறுவிநியோகம் செய்ய இயலாது. எனவே அதன் பெயரைச் சொல்லும் முன்னமைவு பெரும்பாலானோரிடம் வேலை செய்யாது. ஃபெடோராவின் சொந்தக் களஞ்சியத்தில் வரும் எஃப்எஃப்எம்பெக்கில், காப்புரிமைக் காரணங்களால் எக்ஸ்264 சேர்க்கப்படவில்லை. ஒலிக்கு எஃப்எஃப்எம்பெக்கின் சொந்த ஏஏசி என்கோடர் போதும். படத்துக்கு, எக்ஸ்264 தேவை என்பதைக் குறிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள். அது இல்லாதவர்களுக்காக விபி9 கோடெக்கும் ஓபஸ் ஒலியும் கொண்ட வெப்எம் மாற்று ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது நல்ல வழக்கம்.

அடுத்து, முதல் வகைக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. தர எண்களைக் கோடெக்குகளுக்கு இடையே மாற்றிப் பயன்படுத்த முடியாது. எக்ஸ்264இல் தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் அளவுகோல் 0 முதல் 51 வரை செல்வது. அதன் இயல்பு மதிப்பு 23. எச்.265 கோடெக்குக்கான எக்ஸ்265இன் இயல்பு மதிப்பு 28. ஏவி1, விபி9 ஆகியவற்றில் அளவுகோலே 63 வரை நீள்கிறது. எல்லாவற்றிலும் எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். எச்.264க்கு எழுதிய முன்னமைவில் கோடெக்கின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு 23ஐ அப்படியே விட்டால், எக்ஸ்265இல் அது நீங்கள் எண்ணியதைவிட மிகப் பெரிய கோப்பைத் தரும். ஷாட்கட் இந்த எண்ணை மறைத்து விழுக்காடாகக் காட்டுகிறது. அங்கே 55 விழுக்காடு என்பது எச்.264இல் ஏறத்தாழ சிஆர்எஃப் 23. ஆகவே ஷாட்கட்டில் ‘55இல் வை’ என்று சொன்னதைக் கேடென்லைவில் 55 என்று எழுதினால் பொருளற்றுப் போகும். தரத்தைக் குறிப்பில் எழுதும்போது எந்த மென்பொருளின் எந்த அளவுகோல் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

முதல் வகையில் பலர் எழுத மறப்பவையும் உண்டு. அவை மறக்கப்படும்போதுதான் ‘என் கணினியில் நன்றாக இருந்தது, கைப்பேசியில் ஓடவில்லை’ என்ற நிலை வருகிறது. பிக்சல் வடிவம் அவற்றுள் முதன்மையானது. நிறத் தகவலை 4:2:0 முறையில் (ஒளிர்வைவிடக் குறைந்த நுணுக்கத்தில்), 8 பிட்டில் வைக்கும் வடிவத்தை வெளிப்படையாக எழுதாவிட்டால், மூலப் படத்தின் தன்மையையும் என்கோடரையும் பொறுத்து 4:2:2 அல்லது 10 பிட் எச்.264 உருவாகக்கூடும், அதைப் பல தொலைக்காட்சிகளும் உலாவிகளும் இயக்குவதில்லை. நிறக் குறிப்புகளும் முக்கியம். உயர்தெளிவுப் படத்துக்கு, அதற்கான நிறத் தரமான பிடி.709 என்று முதன்மை நிறங்கள், பரிமாற்ற வளைவு, நிற அணி ஆகிய மூன்றையும் குறிக்காவிட்டால், இயக்கி தானே ஊகிக்கும். ஊகம் தவறினால் தோல் நிறம் சற்றுச் சிவந்தோ வெளுத்தோ தெரியும். இணையத்துக்கான எம்பி4 கோப்பில், குறியீட்டுப் பகுதியை முன்னால் நகர்த்தும் ஃபாஸ்ட்ஸ்டார்ட் கொடியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயக்கி கோப்பின் கடைசிப் பகுதியைத் தேடிப் பெற்ற பிறகே படத்தைத் தொடங்க முடியும். ஒலிக்கு 48,000 ஹெர்ட்ஸ் என்று குறிப்பதும் பொதுவாகப் பாதுகாப்பானது.

காலம் ஏற்படுத்தும் சிதைவையும் கருத வேண்டும். பழைய முன்னமைவுகளில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற பண்புக்குச் சோதனைநிலை என்ற மதிப்பு கொடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எஃப்எஃப்எம்பெக்கின் ஏஏசி என்கோடர் நெடுங்காலம் சோதனைநிலையில் இருந்ததால், அதைப் பயன்படுத்த அப்படி அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. 2016இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அதற்குத் தேவையில்லை. இன்று அந்த வரியால் பெரிய தீங்கு இல்லை, பயனும் இல்லை. ஆனால் என்வென்க் முன்னமைவுகளில் கதை வேறு: என்விடியா 2020இல் தன் கருவித்தொகுப்பின் 10ஆம் பதிப்பில் வேகநிலைகளைப் பி1 முதல் பி7 வரை என்று மாற்றி அமைத்தது, பழைய பெயர்கள் படிப்படியாகக் கைவிடப்பட்டன. முன்னமைவு எந்தப் பதிப்பில் சரிபார்க்கப்பட்டது என்ற ஒரு வரி இருந்தால், இத்தகைய இடங்களில் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிதாகும். எடிட்டர் இல்லாவிட்டாலும், ஹேண்ட்பிரேக் என்ற கட்டற்ற வடிவமாற்றி இதில் ஒரு நல்ல முன்மாதிரி. அதன் ஜேசன் முன்னமைவுக் கோப்பில் பதிப்பு எண்ணும் விளக்கமும் உள்ளேயே எழுதப்படுகின்றன. பழைய பதிப்பில் எழுதியதை இறக்குமதி செய்யும்போது, நிரல் அதைப் புதிய வடிவுக்கு மாற்றிக்கொள்கிறது. எம்எல்டி குடும்பத்து எடிட்டர்களில் அந்த வேலையை நாமே குறிப்பின் வழியாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

எல்லா எடிட்டர்களுக்கும் பொதுவான ஒரே முன்னமைவு வடிவம் வேண்டாமா என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. காலவரிசையைப் பரிமாறிக்கொள்ள ஓப்பன்டைம்லைன்ஐஓ என்ற திறந்த வடிவம் இருக்கிறது. கேடென்லைவ் உட்படப் பல எடிட்டர்கள் அதை ஏற்கின்றன. ஆனால் அது துண்டுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதைச் சொல்வதற்கானது. ஏற்றுமதி அமைப்புகள் அதன் பொருள் அல்ல. என் பார்வையில், பொதுவடிவத்துக்கு மிக அருகில் வருவது பிட்டிவியின் அடியில் உள்ள ஜிஸ்ட்ரீமரின் என்கோடிங் புரொஃபைல். எஃப்எஃப்எம்பெக் வழியில் வந்த முன்னமைவு, வேலையைச் செய்ய வேண்டிய என்கோடரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. ஜிஸ்ட்ரீமரின் கோப்போ, எச்.264 வீடியோவும் ஏஏசி ஒலியும் எம்பி4 கொள்கலனில் வேண்டும் என்று விளைவைச் சொல்கிறது. அதைத் தரக்கூடிய என்கோடர் எது என்பதை அந்தந்தக் கணினியில் ஜிஸ்ட்ரீமர் தேடிக்கொள்கிறது. இதனால் வன்பொருள் மாறினாலும் முன்னமைவு பயனற்றுப் போவதில்லை. இழப்பும் உண்டு: எந்த என்கோடர் வரும் என்று தெரியாதபோது, தரத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்த முடியாது. தரத்தை எண்ணால் சொல்லாமல் ‘பார்வைக்கு மூலத்தைப் போலவே’, ‘இணையத்துக்குப் போதுமானது’ போன்ற நோக்கங்களாகச் சொல்லி, ஒவ்வொரு மென்பொருளும் தன் என்கோடருக்கேற்ப மொழிபெயர்த்துக்கொள்ளும் ஓர் அடுக்கு எழுதப்படும் வரை, இந்த இரு வழிகளில் ஒன்றின் குறையை ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

அதுவரை நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இதுதான். ஒரு முன்னமைவுக்கு ஒரு கோப்புறை. அதில் ஷாட்கட் கோப்பு, அதிலிருந்து மாற்றிய கேடென்லைவ் கோப்பு, தேவையானால் ஓப்பன்ஷாட் கோப்பு, இவற்றோடு எளிய உரையில் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பில் நோக்கம், கோடெக்குகள், தர எண்ணும் அதன் அளவுகோலும், தேவையான என்கோடர், சரிபார்த்த மென்பொருள் பதிப்பு, நாள் ஆகியவை இருந்தால், நாம் பயன்படுத்தாத ஆறாவது மென்பொருளைப் பயன்படுத்துபவரும் அதைப் படித்துத் தன் சாளரத்தில் கையால் அமைத்துக்கொள்ள முடியும். பெயரை நோக்கத்திலிருந்து எடுங்கள். ‘இணையப் பதிவேற்றம் எச்.264’ என்பது எவருக்கும் புரியும், ‘புதியது இறுதி 2’ என்பது உங்களுக்கே அடுத்த மாதம் புரியாது. உரிமத்தையும் எழுதிவிடுங்கள். சில எண்களுக்கு உரிமம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் ஒரு மென்பொருள் திட்டம் அதைத் தன் மூலத்தொகுப்பில் சேர்க்க விரும்பும்போது உரிமம் குறிக்கப்படாமையே தடையாகிவிடும் என்பதால், சிசி0 போன்ற முழு விடுகையே ஏற்றது.

கொடுப்பதற்கு முன் சரிபார்க்கும் முறை எளிது. எஃப்எஃப்எம்பெக் உருவாக்கும் சோதனைப் படத்திலிருந்து பத்து நொடி எடுத்து, 25 ஃபிரேம் கிடைமட்டத் திட்டம் ஒன்றிலும் 30 ஃபிரேம் நெட்டைத் திட்டம் ஒன்றிலும் முன்னமைவை இயக்குங்கள். வெளிவந்த இரு கோப்புகளையும் மீடியாஇன்ஃபோ அல்லது எஃப்எஃப்புரோப் கருவியால் திறந்து, அளவும் ஃபிரேம் வீதமும் திட்டத்தைப் பின்பற்றியிருக்கின்றனவா, பிக்சல் வடிவமும் நிறக் குறிப்புகளும் நீங்கள் எழுதியபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, அதே முன்னமைவைப் புதிய பயனர் கணக்கிலோ வேறொரு கணினியிலோ நிறுவி ஒருமுறை ஏற்றுமதி செய்யுங்கள். உங்கள் கணினியைச் சார்ந்த வரி எதுவும் மீந்திருந்தால் அங்கே அகப்பட்டுவிடும். ஷாட்கட்டும் கேடென்லைவும் இல்லாமலே, எம்எல்டியின் மெல்ட் கட்டளைக்கு இந்தப் பண்புக் கோப்பைக் கொடுத்து ஏற்றுமதி செய்ய முடியும் என்பதால், பல முன்னமைவுகளைப் பராமரிப்பவர்கள் இந்தச் சோதனை முழுவதையும் ஒரு சிறு கட்டளைத்தொகுப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்.

முன்னமைவால் சுமக்க முடியாதவை எவை என்பதையும் குறிப்பில் சொல்வது நேர்மை. ஒலியின் உரப்பு அவற்றுள் ஒன்று. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் வெளியிட்ட ஆர்128 பரிந்துரை −23 எல்யுஎஃப்எஸ் (கேட்கும் உரப்பின் அலகு) என்று இலக்கு வைக்கிறது. ஆனால் அந்த இலக்கை எட்டுவது காலவரிசையில் சேர்க்கும் வடிகட்டியின் வேலை, ஏற்றுமதி முன்னமைவின் வேலை அல்ல. ஒலிபரப்புக்கென்று முன்னமைவு கொடுப்பவர், இந்த வடிகட்டியை எங்கே சேர்க்க வேண்டும், எந்த இலக்கில் வைக்க வேண்டும் என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

முன்னமைவை ஒருமுறை வெளியிட்ட பிறகு திருத்த நேர்ந்தால், பழைய கோப்பின் பெயரிலேயே புதிய எண்களை வைக்காதீர்கள். ஒரு தொடரின் பாதிப் பகுதிகளை முந்தைய எண்களில் ஏற்றுமதி செய்துவிட்ட ஒருவர், மீதிப் பகுதிகளும் அதே தோற்றத்தில் வர வேண்டும் என்று அந்தப் பெயரை நம்பியிருப்பார். புதிய எண்களுக்குப் புதிய பதிப்பு எண்ணோடு புதிய கோப்பு கொடுத்து, என்ன மாறியது, ஏன் மாறியது என்பதைக் குறிப்பில் ஒரு வரியில் எழுதி, பழையதையும் பக்கத்திலேயே விட்டுவையுங்கள்.